‘நிகழ்நிலை’ என்ற சொல்லால் நின்றுபோன எங்கள் வகுப்பும் போதனாசிரியை மேனுகாவின் நியமனமும்

அனுப்புநர்:
க. இராசதுரை,
(ஓய்வுபெற்ற மொத்த வியாபாரி)
அறை இல. 7,
நீர்முனை ஓய்வுக் குடியிருப்பு,
தன்னாமுனை,
மட்டக்களப்பு.

பெறுநர்:
மாவட்ட இணைப்பாளர் அவர்கள்,
வளர்ந்தோர் கல்வி இணைப்பு அலுவலகம்,
மட்டக்களப்பு.

விடயம்: தங்கள் அலுவலகச் சுற்றறிக்கையில் உள்ள ஒரு சொல்லை நாங்கள் பிழையாக விளங்கிக்கொண்டமையும், அதற்காகப் போதனாசிரியை செல்வி ஜெ. மேனுகாவின் நியமனம் நிறுத்தப்பட இருப்பதும் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. மேற்படி குடியிருப்பில் நான் வசித்து வருகிறேன். மாங்கேணியில் கருவாடு வாங்கி, வெல்லாவெளிப் பக்கம் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றித் தொழில் தொடங்கியவன். கடைசியில் மட்டக்களப்பு நகரில் மொத்தக்கடை வைத்திருந்தேன். மனைவி காலமான பின் கடையைக் கைமாற்றிவிட்டு, ஒருவரும் தள்ளிவிடாமல், நானே விரும்பி இங்கு வந்து சேர்ந்தேன். மனு எழுதி எனக்குப் பழக்கமில்லை. பேரம் பேசித்தான் பழக்கம். ஆகையால் என்ன வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2. எங்கள் போதனாசிரியை செல்வி மேனுகா, சுற்றறிக்கையை மீறி எங்களை ஒன்றுகூட்டி வகுப்பு நடத்தினார் எனக் குற்றம் சாட்டப்பட்டு, எதிர்வரும் புதன்கிழமை (28.07.2021) தங்கள் முன்னிலையில் விசாரணைக்கு அழைக்கப்பட்டுள்ளார். அன்றைய தினமே நியமனம் நிறுத்தப்படும் என்று கேள்வி. அவர் மீறவில்லை, ஐயா. மீறியது நாங்கள். நாங்களும் மீறுவதாக நினைத்து மீறவில்லை. கீழ்ப்படிவதாக நினைத்தே மீறினோம். எந்த இடத்தில் தடம் மாறியது என்பது இன்றுவரை எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. நடந்ததை நடந்தபடி கீழே எழுதுகிறேன். தங்களுக்கு விளங்கினால் எனக்கும் சொல்லியருள வேண்டும்.

3. இக்குடியிருப்பில் கிழமைக்கு இரண்டு நாள் வகுப்பு நடந்து வந்தது. பதினேழு பேர் படித்தோம். எழுத்து அறியாதவர்களுக்கு முதலில் எழுத்து. பிறகு எல்லோருக்குமாகக் கைபேசி வகுப்பு. செல்வி மேனுகா செங்கலடியில் இருந்து ஸ்கூட்டரில் வருவார். கொரோனா வந்த பிறகு அவர் செய்த மாற்றங்களைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். கதிரைகள் நகராதிருக்க ஒவ்வொரு காலைச் சுற்றியும் நிலத்தில் வர்ணத்தால் வட்டம் கீறினார். ஆளுக்கொரு பேனை, அதில் அவரவர் பெயர். முகக்கவசம் போட்டதும் அவருடைய வாய் தெரியாமல் காது மந்தமான நாலைந்து பேர் திண்டாடினோம். உடனே பேச்சைக் குறைத்து, சொல்வதையெல்லாம் பெரிய எழுத்தில் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டத் தொடங்கினார். அதனால் பேசாத வகுப்பில் நாங்கள் கூடுதலாக வாசித்தோம். ஒருவரும் சொல்லிக் கொடுத்துச் செய்ததல்ல. அவரே யோசித்துச் செய்தது.

4. மே மாத ஆரம்பத்தில் தங்கள் சுற்றறிக்கை எங்கள் குடியிருப்பின் பொறுப்பாளர் பெயருக்கு வந்தது. பொறுப்பாளர் அதை எங்கள் வகுப்புக் குழுவின் செயலாளர் திரு. வினாயகமூர்த்தியிடம் வாசிக்கக் கொடுத்துவிட்டு, திருப்பி வாங்கி அலுவலக அலுமாரியில் வைத்துப் பூட்டினார். மறுநாள் பொறுப்பாளரின் வீட்டில் ஒருவருக்குத் தொற்று எனத் தெரிந்து அவர் தனிமைப்படுத்தப்பட்டார். அவருடைய சட்டைப்பையில் இருந்த அலுமாரித் திறப்பும் அவரோடு தனிமைப்பட்டுவிட்டது.

5. திரு. வினாயகமூர்த்தி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கத் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு என்பது எங்கள் எல்லோருடைய நம்பிக்கை. சுற்றறிக்கையில் இருந்த வசனத்தை அவர் மனப்பாடமாகச் சொன்னார்: “சகல வளர்ந்தோர் கல்வி வகுப்புகளும் மறு அறிவித்தல் வரை நிகழ்நிலையில் மாத்திரம் நடாத்தப்படல் வேண்டும்.” அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து என்று நான்தான் கேட்டேன். அவர் தந்த விளக்கம் பின்வருமாறு:

“நிகழ்காலம் எண்டா என்ன? இப்ப நடக்கிற காலம். அப்ப நிகழ்நிலை எண்டா? இப்ப இருக்கிற நிலை. இருக்கிற மாதிரியே நடத்தட்டாம். மாத்திரம் எண்டும் போட்டிருக்கான், அதால ஒரு இம்மியும் மாத்தப்படாது. இதுக்குப் போய் என்ன இவ்வளவு யோசினை?”

எனக்கு அது சரியாகவே பட்டது. சந்தை நிலவரம் என்கிறோம், வெள்ள நிலைமை என்கிறோம். நிகழ்நிலை என்றால் நடப்பு நிலவரம்தானே? எங்களோடு எழுத்துப் படிக்கும் அன்னப்பூரணி அம்மாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்து, “அப்ப கவுண்மேந்து நம்மளக் கைவிடல்ல கா” என்றார்.

6. செல்வி மேனுகாவுக்குத் தங்கள் அலுவலகத்தில் இருந்து பிரதி போய்ச் சேரவில்லை. தபால் தாமதம் என்று பின்னர் அறிந்தோம். அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “ஐயா, கடிதம் ஒண்டு வந்ததாமே, என்ன போட்டிருக்கு?” என்று கேட்டார். இருக்கிற மாதிரியே நடத்தச் சொல்லியிருக்கிறது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. “எல்லா இடமும் மூடுறாங்க, நமக்கு மட்டும் எப்படி? ஒருக்கா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில போடுங்க ஐயா” என்றார். கடிதம் அலுமாரிக்குள். ஆகவே திரு. வினாயகமூர்த்தி தமது நினைவில் இருந்து அதைத் தாளில் எழுதித் தந்தார். நான் அதைப் படம் பிடித்து அனுப்பினேன்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெரிவிக்க வேண்டும். படம் பிடித்து அனுப்பும் பாடம் அடுத்த கிழமைக்கே வைக்கப்பட்டிருந்தது. எனவே நான் அனுப்பியது எனது தாடையையும் அறையின் மின்விசிறியையும் கொண்ட படமாக இருந்திருக்கிறது. அவர் சிரிப்பு முகம் ஒன்றை அனுப்பினார். ‘கடிதம் கிடைத்தது, சரி’ என்று அதற்குப் பொருள் கொண்டேன். அவரோ, இத்தனை வயதான மனிதர் பொய் சொல்லமாட்டார் என்று நினைத்து வந்துவிட்டார். இதில் அவருடைய குற்றம் எது? எவ்வளவு தேடியும் எனக்கு அகப்படவில்லை.

7. அதன் பிறகு நாங்கள் சுற்றறிக்கையைக் கடைப்பிடித்த விதத்தைக் கேட்டால் தாங்கள் சிரிப்பீர்களோ கோபிப்பீர்களோ தெரியாது. வாவிப் பக்கத்து யன்னலோரம் காற்று வருகிறது, கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போடட்டுமா என்று அன்னப்பூரணி அம்மா கேட்டார். நிகழ்நிலை மாறிவிடும், ஏலாது என்று மறுத்தோம். புதிதாக வந்த ஒருவர் வகுப்பில் சேரக் கேட்டார். பதினேழு பதினெட்டானால் நிகழ்நிலை கெட்டுவிடும் என்று அவரையும் திருப்பி அனுப்பினோம். இவ்வளவு இறுக்கமாக வேறு எந்த நிலையமாவது அந்தச் சுற்றறிக்கையைப் பின்பற்றியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

8. மே மாத நடுப்பகுதியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கைபேசி வகுப்பு என்றபடியால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன். அதைப் பார்த்துவிட்டு அவர் முதலில் கொஞ்சம் குழம்பித்தான் போனார். பிறகு நடந்த பேச்சை அப்படியே தருகிறேன், ஏனெனில் விசாரணைக் கடிதத்தில் ‘அதிகாரியுடன் ஏளனமாகப் பேசியமை’ என்றும் ஒரு வரி இருக்கிறதாம்.

“நிகழ்நிலையிலதானே நடத்தச் சொல்லியிருக்கு?” என்று அவர் கேட்டார்.

“ஓம் தம்பி, நிகழ்நிலையிலதான் நடக்குது” என்றார் வினாயகமூர்த்தி.

“எங்க?”

“இஞ்சதான். உங்கட கண்ணுக்கு முன்னால.”

“நக்கலா ஐயா?”

“என்ன தம்பி நக்கல்? வட்டத்துக்குள்ள கதிரை இருக்கா இல்லையா, குனிஞ்சு பாருங்க.”

ஏளனம் செய்யவில்லை, ஐயா. மனிதர் உண்மையாகவே கதிரைக் காலைக் காட்டினார். அப்போதுதான் செல்வி மேனுகாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் அவருக்கு மட்டும் அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. சுவரில் ஒட்டக் கொண்டுவந்த தாளை மேசையில் வைத்துவிட்டு, “சேர், பிழை என்னுடையது, இவங்களை ஒண்டும் சொல்லாதீங்க” என்றார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிகழ்நிலை என்றால் இணையவழி என்று செல்வி மேனுகா போன பிறகுதான் பரிசோதகர் எங்களுக்குச் சொன்னார். வினாயகமூர்த்தி, “இணையம் எண்டு எழுத அவங்களுக்கு என்ன கை நோவா?” என்று கேட்டார். அது மட்டும் ஏளனம் என்றால் ஏற்றுக்கொள்கிறோம்.

9. பரிசோதகர் மீது எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அவர் தமது கடமையைச் செய்தார். எங்களுக்கும் போதனாசிரியைக்கும் தனிமைப்படுத்தல், பரிசோதனை எல்லாம் நடந்தன. ஒருவருக்கும் தொற்று இல்லை. இருந்திருந்தால் இந்த மனுவை எழுத எனக்கு வாய் இருந்திராது. அதையும் ஒளிக்காமல் சொல்லுகிறேன்.

10. இனி எனக்கு விளங்காத விடயங்கள்.

வகுப்புப் பற்றிக் கேட்பதற்குத் தங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். அறுபது வயதுக்கு மேற்பட்டோர் ‘முதியோர்’, அவர்கள் விடயம் சமூக சேவைப் பக்கம் என்றார்கள். அங்கே கேட்டேன். வகுப்பு என்றால் அது ‘வளர்ந்தோர்’, கல்விப் பக்கம் போங்கள் என்றார்கள். எழுபத்திரண்டு வயதில் நான் வளர்ந்துவிட்டேனா, முதிர்ந்துவிட்டேனா என்பதை இரண்டு அலுவலகமும் சேர்ந்து ஒரு முடிவாகச் சொன்னால் நல்லது.

வகுப்பைப் போனில் நடத்தலாம் என்று வேறு ஒருவரைத் தற்காலிகமாக ஏற்பாடு செய்தீர்கள். நன்றி. ஆனால் போனைப் பாவிப்பது எப்படி என்பதே வகுப்பு. அதைப் போனில் படிக்க வேண்டுமானால் போனைப் பாவிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இது எந்தப் பக்கத்தால் தொடங்குவது? முதல் நாள், மணி அடித்ததும் அன்னப்பூரணி அம்மா வழமைபோல் போனைக் காதில் வைத்துக்கொண்டார். வகுப்பு முடியும் வரை அந்தப் புதிய ஆசிரியர் அவருடைய காதை மட்டுமே பார்த்துக்கொண்டு படிப்பித்தாராம். எனது போனில் ஆசிரியர் தலைகீழாக வந்தார். நான் போனைத் திருப்பினேன், அவரும் சேர்ந்து திரும்பினார். மூன்றாவது நாள் வகுப்புக்கு இரண்டு பேர்தான் மிஞ்சினோம். இதைத் தொலைக்கல்வி என்கிறார்கள் என்று யாரோ சொல்ல, “ஓம், தொலைஞ்ச கல்விதான்” என்று அன்னப்பூரணி அம்மா போனை அலுமாரிக்குள் வைத்துவிட்டார். பெயரை எழுதக் கற்று, பஸ்ஸின் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்த மனுசி. இப்போது பேனையையும் தொடுவதில்லை.

ஜூன் மாதத்தில் அதே மண்டபத்தில் எங்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். அதே கதிரைகள், அதே வட்டங்கள், அதே ஆட்கள். அயலில் இருந்தும் பலர் வந்தார்கள். ஊசி போட்ட பின் அரை மணித்தியாலம் அப்படியே இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஊசி வேண்டும், நாங்களே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டோம், அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் அந்த அரை மணித்தியாலம் செல்வி மேனுகா வந்து, முன்னால் நின்று, ஒரு தாளைச் சுவரில் ஒட்டியிருந்தால், அது அந்த நொடியில் இருந்து சட்டவிரோதக் கூட்டமாக மாறியிருக்குமா? நான் தர்க்கத்துக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே எனக்குத் தெரியாது.

11. அதைவிடப் பெரிய குழப்பம் இது. விசாரணைக்கு முன்பே செல்வி மேனுகா, ‘சுற்றறிக்கையை நான் பிழையாக விளங்கிக்கொண்டேன்’ என்று எழுதிக் கையொப்பம் வைத்துத் தந்திருப்பதாகத் தங்கள் அலுவலக உத்தியோகத்தர் ஒருவர் எனக்குச் சொன்னார். “அவவே ஏத்துக்கிட்டாவே ஐயா, மறுகா நீங்க ஏன் வில்லங்கப்படுறீங்க?” என்று கேட்டார். சுற்றறிக்கையைக் கண்ணாலும் காணாத ஒருவர் அதை எப்படிப் பிழையாக விளங்கிக்கொள்வார்?

நான் செல்வி மேனுகாவிடம் கேட்டேன். “வினாயகமூர்த்தி ஐயாட பேரைச் சொன்னா அவரைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. எண்பது வயசில அந்த மனிசனைக் கொண்டுபோய் நிறுத்தச் சொல்றீங்களா? எனக்கு வேற வேலை கிடைக்கும், விடுங்க ஐயா” என்றார்.

வேறு வேலை கிடைக்காது, ஐயா. நாற்பது வருடம் சந்தையில் நின்றவன் சொல்கிறேன். கடைகளே பூட்டிக் கிடக்கும் காலம் இது. ‘சுகாதார விதிமுறை மீறியதால் நிறுத்தப்பட்டவர்’ என்ற வரி கோப்பில் ஏறினால் எந்தப் பாடசாலையும் எந்த நிறுவனமும் அந்தப் பிள்ளையை உள்ளே எடுக்காது. அவருடைய வீட்டில் உழைக்கும் ஆள் அவர் ஒருவரே. அவர் அதை எங்களுக்குச் சொல்லவில்லை; செங்கலடியில் எனக்கு இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

திரு. வினாயகமூர்த்தி இப்போது தமது அறையை விட்டு வெளியே வருவதில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், “நான் சொன்னதக் கேட்டுத்தானே அந்தப் புள்ள நடுத்தெருவில நிக்குது” என்கிறார். தம்மை விசாரிக்கும்படி தாமே தங்களுக்கு எழுதப்போவதாகச் சொல்கிறார். எடுத்த தாளையெல்லாம் முதல் வரியோடு கிழித்துப் போடுகிறார். அந்தப் பிள்ளை யாரைக் காப்பாற்ற நினைத்ததோ, அவர் காப்பாற்றப்படவும் இல்லை.

12. எனவே ஐயா, நான் கேட்பவை:

(அ) செல்வி மேனுகா எழுதித் தந்த ஒப்புதலைத் தாங்கள் ஏற்க வேண்டாம். அது உண்மை இல்லை. எடை குறைந்த மூட்டை என்று தெரிந்த பிறகும் அதை வாங்கி அடுக்கினால் பிழை வாங்கியவனுடையதும் ஆகும்.

(ஆ) அவருடைய நியமனத்தைத் தொடர வேண்டும்.

(இ) வகுப்பை மீண்டும் தொடங்க அனுமதிக்க வேண்டும். மண்டபம் வேண்டாம். எங்கள் அறைகள் முற்றத்தைச் சுற்றி வரிசையாக உள்ளன. அவரவர் விறாந்தையில் அவரவர் இருப்போம். போதனாசிரியை முற்றத்தில் நின்று தாளைப் பிடித்தால் எல்லா அறைக்கும் தெரிகிறது. ஒரு துணியில் எழுதிக் கட்டிப் பார்த்தேன். எனது கண்ணாடி இல்லாமலே கடைசி அறையில் இருந்து வாசிக்க முடிந்தது. ஒருவருக்கொருவர் உள்ள தூரம் தங்கள் அலுவலகத்து மேசைகளுக்கு இடையில் உள்ளதை விட அதிகம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் வாய்மொழியாகக் கேட்டேன். “எழுத்தில கேட்டா யோசிக்கலாம் ஐயா” என்றார். அந்த எழுத்து தங்களிடம் இருந்து வர வேண்டும்.

(ஈ) இனிமேல் சுற்றறிக்கை அனுப்பும்போது போனில் நடத்துங்கள் என்றால் போனில் என்றே எழுதிவிடவும்.

13. இம்மனு எழுதப்படுவது செல்வி மேனுகாவுக்குத் தெரியாது. தெரிந்தால் தடுப்பார். ஆகையால் பதிலை எனது பெயருக்கே அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

14. விசாரணையைத் தவிர்க்க முடியாது என்றால், அந்தப் பிள்ளையைத் தனியே அழைக்க வேண்டாம். சுற்றறிக்கையைப் பிழையாக விளங்கிக்கொண்டது பதினேழு பேர். பதினேழு பேரும் புதன்கிழமை காலை வருகிறோம். வினாயகமூர்த்தியும் வருகிறார், அதைச் சொன்ன பிறகுதான் நேற்று இரண்டு பிடி சோறு சாப்பிட்டார். வான் பேசியாயிற்று. பாதி ஆசனத்தில்தான் ஏற்றலாமாம், ஆகவே இரண்டு முறை வந்து போகும். முகக்கவசம் அணிந்து, ஒரு மீற்றர் இடைவெளி விட்டு, தங்கள் அலுவலக வாசற்படியில் தொடங்கி வீதிவரை வரிசையாக நிற்போம். சத்தம் போடமாட்டோம். உள்ளே அழைத்தால் ஒவ்வொருவராக வந்து நடந்ததைச் சொல்லுவோம். அழைக்காவிட்டால் அழைக்கும் வரை நிற்போம். எங்களுக்கு அவசரமாகப் போக வேண்டிய இடம் வேறு இல்லை. அன்னப்பூரணி அம்மாவுக்கு மாத்திரம் முழங்கால் வருத்தம், அவருக்கு ஒரு கதிரை போட்டுத்தர ஆவன செய்யும்படி வேண்டுகிறேன்.

புதன்கிழமைக்கு முன் தங்கள் ஒரு வரிப் பதிலை எதிர்பார்க்கும்,

மரியாதையுடன்,

(ஒப்பம்)
க. இராசதுரை

இடம்: தன்னாமுனை
திகதி: 22.07.2021